தனி டம்ளர்

டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்து நாம் நடத்தாத போராட்டம் இல்லை. சிரட்டையில் ஊற்றினான், கேட்டோம். ஊர்க்காரனுக்குக் கண்ணாடி, நமக்கு அலுமினியம் என்று வைத்தான், உடைத்தோம். பிறகு பிளாஸ்டிக் கப்பு, பேப்பர் கப்பு என்று தந்திரமாய் மாற்றிக்கொண்டான்; அதையும் அடையாளம் கண்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். இதற்காக வழக்கு வாங்கினவர்களும் வேலை இழந்தவர்களும் இந்த இதழின் வாசகர்களிலேயே உண்டு.

அதே சேரியில், நம் வீட்டுத் திண்ணை ஓரத்தில், ஒரு டம்ளரும் ஒரு தட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறதே, அது யாருடையது? டி.பி. வந்த அப்பாவுடையது. தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அக்காவுடையது. பேரப்பிள்ளை அதைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். "தொடாதடா, ஒட்டிக்கும்."

ஒட்டாது. தோழர்களே, காசநோய் டம்ளரில் ஒட்டாது, தட்டில் ஒட்டாது, பாயில் ஒட்டாது, போட்டுக் கழற்றிய சட்டையில் ஒட்டாது. கையைப் பிடித்தாலும் ஒட்டாது, ஒரே பானையில் மொண்டு குடித்தாலும் ஒட்டாது. நுரையீரலிலோ குரல்வளையிலோ காசநோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, உரக்கப் பேசும்போது கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அது மணிக்கணக்கில் மிதக்கும். அதை மூச்சில் இழுத்தால்தான் தொற்று. எலும்பிலும் கழுத்துக் கட்டியிலும் முதுகுத்தண்டிலும் வருகிற காசநோய் பொதுவாக அடுத்தவருக்குப் போகவே போகாது. ஆனால் கழுத்துக் கட்டிக்காரருக்கும் தனித் தட்டுதான் வைக்கிறார்கள்.

ஆக, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டு ஆளை உள்ளறையில், சன்னலைச் சாத்தி, கம்பளியைப் போர்த்திப் படுக்க வைக்கிறோம். பரவும் வழியைத் திறந்து விட்டுப் பரவாத வழிக்குக் காவல் போடுகிறோம். இது யாருடைய புத்தி? கிருமியைப் பற்றிய அறிவு இதில் துளியும் இல்லை. தொட்டால் தீட்டு, எச்சில் தீட்டு, பாத்திரம் தீட்டு என்று நம்மை 2000 வருஷமாய்த் தள்ளி வைத்தவன் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அவனை எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டிவிட்டு வந்த கையாலேயே நம் அப்பனின் தட்டை எட்டி வைக்கிறோம். பார்ப்பனியம் அக்கிரகாரத்தில் மட்டும் குடியிருக்கிறதென்று நினைக்கிற தோழர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

"தலித் விடுதலைப் பத்திரிகையில எதுக்கய்யா நர்ஸ் பாடம்?" என்று கேட்கிற குரல் காதில் விழுகிறது. நோயாளியைக் கவனிப்பது பெண்கள் சமாச்சாரம், தலையங்கத்துக்கு ஆகாது என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிற நினைப்பு. சாவித்திரிபாய் பூலே எப்படிச் செத்தார்? 1897-ல் புனேயில் பிளேக். சொந்தக்காரனே பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிய காலம். மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை இடத்துக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். தீண்டப்படாத சாதிச் சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர் தாமும் நோய் தொற்றி அந்த மார்ச் மாதம் மறைந்தார். முதல் ஆசிரியை என்று படம் மாட்டுகிறோம். கடைசியில் அவர் செய்த வேலையை நாம் பேசுவதே இல்லை. நம் அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். நோயாளியின் உடம்பைத் தொட்ட அதே கைதான் 1907-ல் பத்திரிகையும் தொடங்கியது. (இதைச் சாக்காக வைத்துக்கொண்டு டி.பி.க்கு மாத்திரை வேண்டாம், சூரணம் போதும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பண்டிதர் காலத்தில் இந்த நோய்க்கு எந்த வைத்தியத்திலும் மருந்து கிடையாது. இப்போது உண்டு.)

சென்னையில் நடந்த ஒன்றைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உலகத்தின் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்ட ஆய்வு அது, நடந்தது குடிசைகளில்.

1950-கள் வரை காசநோய் என்றால் சானடோரியம். மலைக்காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, கறி, ஒரு வருஷம் இரண்டு வருஷம் படுக்கை. தாம்பரத்தில் 1928-லிருந்தே ஒன்று இருந்தது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் சில ஆயிரம். மற்றவர்கள் வீட்டில் கிடந்து சாக வேண்டியதுதான் என்பது எழுதப்படாத விதி. அந்த நிலையில் 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. நகரத்தின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு. இன்னொரு பிரிவு அவரவர் வீட்டிலேயே. இரண்டு பேருக்கும் அதே மருந்து, அய்சோனியாசிடும் பி.ஏ.எஸ்.சும், ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்கள் மட்டமான சாப்பாடு சாப்பிட்டார்கள், ஓய்வில்லாமல் நடமாடினார்கள், வேலைக்கும் போனார்கள். சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். அதைவிட முக்கியம், நோயாளியோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்கு, நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளைவிட நோய் அதிகமாக வரவில்லை. ஏனென்றால் தொற்ற வேண்டியது பெரும்பாலும் கண்டுபிடிப்பதற்கு முன்பே, இருமிக்கொண்டு திரிந்த மாதங்களிலேயே, தொற்றி முடிந்திருந்தது. மருந்து உள்ளே போக ஆரம்பித்ததும் பரப்பும் சக்தி மளமளவென்று குறைந்துவிடுகிறது. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. தனி டம்ளருக்கும் அன்றைக்கே வேலை போயிருக்க வேண்டும்.

ஆனால் இந்த முடிவை ஆளுகிறவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். "வீடே போதும்" என்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. வீட்டில் வைத்துப் பார்ப்பது யார், அவள் கூலி வேலையை விட்டால் அடுப்பு எப்படி எரியும் என்று யாரும் கேட்கவில்லை. "மட்டமான சாப்பாட்டிலும் குணமானார்கள்" என்ற வரியை, சோறு முக்கியமில்லை, மாத்திரை போதும் என்று படித்துக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் மாத்திரை கொடுத்தார்கள், சோற்றைப் பற்றிப் பேசவில்லை. பசித்த உடம்பில்தான் இந்தக் கிருமி எழுகிறது என்பது நம்ம சனத்துக்கு எப்போதோ தெரியும்; எலும்புருக்கி நோய் என்று பேர் வைத்தவர்கள் சும்மாவா வைத்தார்கள்? அந்தப் பழைய அறிவுக்கு 2023-ல்தான் பெரிய ஆதாரம் வந்தது. ஜார்கண்டில் ஆதிவாசிகள் பெருமளவில் இருந்த நோயாளிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் 2 மாதத்தில் எடை கூடியவர்களிடையே சாவும் வெகுவாகக் குறைந்தது. 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் ஒரு ஆளுக்கு ஒரு மாதம். இதைக் கொடுக்க முடியாத வல்லரசா இது?

இனி வீட்டில் செய்ய வேண்டியது. நான் டாக்டர் இல்லை, வங்கிக் குமாஸ்தா. கீழே உள்ளவை அரசுத் திட்டத்திலும் செவிலியர் பாடத்திலும் உள்ளவைதான். நம் தெருவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே.

முதலில் காற்று. 2 வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடைக் குறைவு, சளியில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை. நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். எச்சில் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. சிபிநாட், ட்ரூநாட் என்ற சோதனைகள் அரசு மருத்துவமனையில் இலவசம். முக்கியமான மருந்துக்குக் கிருமி பணியுமா பணியாதா என்பதையும் அவை சொல்லிவிடும். கேட்டு வாங்க வேண்டும். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களுக்கு நோயாளி காற்றோட்டமான இடத்தில் படுக்கட்டும். திண்ணையில் தட்டி கட்டி, வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு, எப்படியாவது. இது ஒதுக்கி வைப்பது ஆகாது. அதே திண்ணையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நீங்களும் அவரோடு சாப்பிடலாம், அவர் டம்ளரிலேயே குடிக்கலாம். இருமும்போது வாயில் துணி. சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பி, அடியில் கொஞ்சம் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, பிறகு எரிக்கலாம் அல்லது ஆழமாகப் புதைக்கலாம். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. மூக்கு வாயை மூடிக்கொண்டு கொடுக்கட்டும். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாமியார்கள் நம் சேரியிலும் இருக்கிறார்கள். வீட்டிலுள்ள எல்லோரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, நோய் இல்லை என்று தெரிந்தாலும், தடுப்பு மாத்திரை உண்டு.

அடுத்தது மாத்திரை. சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அப்புறம் 4 மாதம் மூன்று. எடைக்குத் தக்க எண்ணிக்கை. தினமும் ஒரே நேரம், வெறும் வயிற்றில் நல்லது. குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாமா என்று கேட்டுக்கொள்ளலாம். முதல் நாள் மாத்திரை போட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரத்தம் போகிறதென்று பயந்து மாத்திரையைக் குப்பையில் வீசியவர்கள் எத்தனை பேர்! அது ரிஃபாம்பிசின் மருந்தின் சாயம். வேர்வையும் கண்ணீரும்கூடச் சிவக்கும். பயமில்லை.

பயப்பட வேண்டியவை வேறு. வெள்ளைமுழி மஞ்சளாவது, ஓயாத வாந்தி, சோற்றைக் கண்டாலே வெறுப்பு என்றால் ஈரல் கெடுகிறது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பு டாக்டர் பார்த்தாக வேண்டும். பார்வை மங்கினால், சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். பாதத்தில் மதமதப்பு, ஊசி குத்தல் என்றால் சொல்ல வேண்டும், அதற்கு வைட்டமின் மாத்திரை உண்டு. உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டு வலி எல்லாமும் சொல்ல வேண்டியவையே. சூரை மாதிரி மீன் தின்றதும் முகம் சிவந்து தலையிடித்துப் படபடத்தால், மருந்தும் மீனும் சேரவில்லை; அந்த மீனை 6 மாதத்துக்கு விட்டுவிடலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கு அது இந்த மருந்தோடு சரியாக வேலை செய்யாது. இதைப் பெண்களிடம் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. நம் பெண் தோழர்கள்தான் சொல்ல வேண்டும்.

குடி. சாக்கடையில் இறங்குகிறவனிடம், பிணம் அறுக்கும் அறையில் வேலை செய்கிறவனிடம், குடிக்காதே என்று ஒழுக்கம் பேசுவது சுலபம். நான் பேசப் போவதில்லை. ஆனால் இந்த மாத்திரையும் சாராயமும் ஒரே ஈரலைத் தின்கின்றன. நிறுத்த முடியாதவர் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும். கூடப் போகிற தோழர் அவரை அங்கே திட்டு வாங்க விடாமல் பார்த்துக்கொள்ளட்டும். திட்டு வாங்கினவர் மறுபடி அந்த வாசலுக்கு வரமாட்டார்.

பெரிய ஆபத்து இரண்டாம் மாதத்தில்தான். காய்ச்சல் நின்றுவிடும், பசி எடுக்கும், முகம் தெளியும். "எனக்குச் சரியாப் போச்சு." கூலிக்குப் போகிறவருக்கு ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நிற்பது அரை நாள் சோறு. விட்டுவிடுவார். உள்ளே பதுங்கின கிருமி மருந்தைப் பழகிக்கொண்டு எழும். அப்புறம் அது வேறு நோய், வேறு மருந்து, வேறு வேதனை. மாத்திரையை அவர் விட்டார் என்று எழுதிக்கொள்வார்கள். அவரை விட்டது யார் என்று எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

சாப்பாடு பற்றி ஆஸ்பத்திரிச் சுவரில் படம் இருக்கும்: ஆப்பிள், ஆரஞ்சு, பால், பாதாம். அந்தப் படத்தை வரைந்தவன் நம் அடுப்பைப் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்ததே போதும். மாட்டுக்கறி, ரத்தப் பொரியல், ஈரல், முட்டை, நெத்திலி, வேர்க்கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை. மாட்டுக்கறி சூடு, நோயாளிக்கு ஆகாது என்று சொல்கிறவரிடம் அதில் உள்ள புரதத்தையும் இரும்பையும் சொல்லுங்கள். எந்தச் சாப்பாட்டைக் காட்டி நம்மை இழிவென்றார்களோ அதுதான் இந்த நோய்க்குக் கைக்கு எட்டும் பத்தியம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். தராசு இல்லையென்றால் ரேஷன் கடையில், பழைய பேப்பர்க் கடையில் ஏற்றி நிறுத்துங்கள். 40 கிலோ ஆள் 2 மாதத்தில் 2 கிலோ ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் அது ஒரு செய்தி. டாக்டரிடம் கொண்டு போக வேண்டிய செய்தி. சர்க்கரை நோயும் சோதித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எதுவும் சீக்கிரம் ஆறாது.

இந்தச் சாப்பாட்டுக்கென்று ஒன்றிய அரசு 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது. 2024 நவம்பரிலிருந்து 1000. இதைப் பற்றி எனக்குக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமிருந்து தெரியும். ஆதாரில் ஒரு பெயர், பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர். எப்போதோ நூறு நாள் வேலைக்குத் திறந்த கணக்கு செத்துக் கிடக்கும். இல்லையென்றால் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று, முட்டைக்கு வந்த பணத்தில் அபராதம் பிடித்திருக்கும். இருமிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கிற சக ஊழியர்களையும் பார்க்கிறேன். டம்ளர் மட்டும்தான் என்றில்லை, பேனாவும் தனி. செய்ய வேண்டியது: நோய் உறுதியான வாரமே இருப்புத் தொகை தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றைக் கேட்டுத் திறங்கள். எல்லா வங்கியிலும் உண்டு, இல்லையென்று சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆதாரை அந்தக் கணக்கோடு இணைத்து, இணைந்துவிட்டதா என்று ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். படித்த மாணவர் ஒருவர் கூட வந்தால் ஒரு மணி நேர வேலை. தனியாக வந்தால் நாலு நடை.

நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட முடியாது. தமிழ்நாட்டில் 2022-லிருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. நோய் கண்டுபிடித்த உடனே யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்து, அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் அதன் சாரம். பார்ப்பவை எளியவை: உயரத்துக்கு எடை மிகவும் குறைந்திருக்கிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிஷத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே போகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இதில் மூன்றை நம் தோழர்களே கடிகாரத்தையும் கண்ணையும் வைத்துப் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு, "படுக்கை கொடு" என்று கேட்கலாம். இடமில்லை, வீட்டுக்குக் கொண்டு போ என்றால், இந்தத் திட்டத்தின் பேரைச் சொல்லிக் கேட்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தும் எழ முடியாதவரை 2 மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிமுனை, முழங்கை, இங்கெல்லாம் தினமும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தோல் கிழியும். பழைய சேலையை மடித்து, அந்த இடம் தரையில் படாதபடி கொடுக்க வேண்டும். விரிப்பில் ஈரமும் சுருக்கமும் கூடாது. சோறு ஊட்டும்போது தலையை உயர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும்; படுத்தபடி ஊட்டினால் புரையேறும். மூச்சு வாங்கினால் மடியில் தலையணை வைத்து அதன்மேல் முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னால் கொஞ்சம் இளகும். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பு, உதட்டுக்கு எண்ணெய். சளியோடு கோடாய் ரத்தம் வந்தால் மறுநாள் காட்டலாம். அரை டம்ளர் அளவு ரத்தமாகவே இருமினால் 108-ஐக் கூப்பிட வேண்டும், வண்டி வரும்வரை ஒருவர் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? புருஷனுக்கு டி.பி. என்றால் பெண்டாட்டி செய்கிறாள். பெண்டாட்டிக்கு டி.பி. என்றால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அங்கே அவள் அம்மா செய்கிறாள். அம்மாவுக்கு என்றால் பத்தாவது படிக்கிற பெண் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுச் செய்கிறது. கூட்டத்தில் மைக் பிடிக்கிற ஆண்கள் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. ஊரின் மலத்தை நம் தலையில் ஏற்றியது சாதி. வீட்டின் மலத்தைப் பெண் தலையில் ஏற்றியிருப்பது? ஆஸ்பத்திரி வார்டில் நாடி பிடித்தவருக்கு வணக்கம் உண்டு. பீத்துணி அலசுகிற ஆயாவுக்குப் பெயர்கூடக் கிடையாது. அந்த ஆயா எந்தத் தெருவிலிருந்து போகிறாள் என்பது நமக்குத் தெரியும். உயர்சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில்தான் 1909-ல் வேலூரில் அய்டா ஸ்கடர் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். தொட்டுப் பார்ப்பதே இழிவென்று கருதிய சமூகத்தில், தொடுவதையே ஒரு படிப்பாக்கிய வேலை அது. அந்தப் படிப்பின் முதல் பத்துப் பக்கமாவது நம் இயக்கத்து ஆண்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது இந்தத் தலையங்கத்தின் கோரிக்கை. புரட்டிப் படுக்க வைக்க வலுவான தோள் வேண்டும். அது அவர்களிடம்தான் சும்மா இருக்கிறது.

கல்குவாரியில் கல்தூள் தின்கிற நுரையீரலுக்குக் காசநோய் இரட்டிப்பு வேகத்தில் வரும் என்பதைத் தனியாக எழுத வேண்டும். வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன நம் தாத்தாக்களின் நெஞ்சில் உறைந்த தூசி, சுரங்கத்தை 2001-ல் மூடிய பிறகும் இருமிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த இதழ்களில் பார்ப்போம்.

மாணவர்களுக்கு ஒன்று. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், எத்தனை சன்னல் திறக்கிறது என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். இருமுகிற நண்பனைக் கேலி செய்யாமல் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் என்று தெரிந்ததும் பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள், ஒரு வருஷப் படிப்பு போகிறது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில், டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவன் வகுப்புக்கு வரலாம், விடுதியில் சாப்பிடலாம், உங்கள் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடலாம். வார்டன் மறுத்தால் நீங்கள் நாலு பேர் போய் நில்லுங்கள்.

வாசகர் வட்டங்கள் ஒவ்வொன்றும் தங்கள் தெருவில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று, அவர்கள் சம்மதித்தால் மட்டும், தெரிந்துகொண்டு ஆளுக்கு ஒரு தோழரைத் துணைக்கு வைக்கலாம். பெயர் வெளியே போகக் கூடாது. மாத்திரை கையிருப்பு இல்லை, அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பினால் அதே இடத்தில் தேதியோடு எழுதி வாங்குங்கள். 1800-11-6666 காசநோய்க்கான இலவச எண். தமிழ்நாட்டில் 104-லும் புகார் சொல்லலாம். எழுதி வாங்கியதில் ஒரு நகலை, நோயாளியின் பெயரை அடித்துவிட்டு, இதழ் முகவரிக்கும் அனுப்பி வையுங்கள்.